சூடை மீன் வாங்கப் போன கதை: குழந்தையின் காலை நடையில் வீரப்பயணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏழு மலை ஏழு கடல் தாண்டிப் போய், கிளிக்குள் ஒளிந்திருக்கும் அரக்கனின் உயிரைப் பிடிக்கிற ராஜகுமாரன் கதையை நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். கிளி, அரக்கன் எல்லாவற்றையும் உரித்துப் போட்டால் உள்ளே மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான், தெரியாத இடத்தில் மாட்டித் திண்டாடுகிறான், எதையோ கொண்டு திரும்புகிறான். உலகத்துப் பழங்கதைகளில் இந்த அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று அமெரிக்கரான ஜோசப் கேம்பெல் 1949-இல் எழுதினார். புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று மூன்று பாகம், அதற்குள் 17 கட்டம். பின்னால் கிறிஸ்டோபர் வோக்லர் என்பவர் திரைக்கதை எழுதுகிறவர்களுக்காக அதை 12 ஆகச் சுருக்கினார்.

நாலு வயசுக் குழந்தை காலையில் அப்பத்தாவோடு மீன் வாங்கப் போய்விட்டு வந்தாலே இந்தக் கதை நடந்துவிடுகிறது. கூடவே போகிற நமக்குத்தான் கண்ணில் படுவதில்லை. அதைக் கண்டுபிடித்து, குழந்தைக்கே சொல்கிற மாதிரி எழுதுவது எப்படி என்று, போன மே மாதம் என் மகளோடு போன ஒரு நடையை வைத்துச் சொல்கிறேன். எழுதிப் பழக்கம் வேண்டாம். துண்டுக் காகிதமும் பேனாவும் போதும்.

1. எந்த நடை?

சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தனுஷ்கோடிக்குப் போவது நமக்குப் பயணம். குழந்தைக்கு அது வேனில் மடியில் தூங்கி எழுவது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வந்தால் அப்படியே நேராக மேலே தூக்கிக்கொள்ளும். அதைக் காட்டத்தான் முதலில் பாப்பாவைக் கூட்டிப் போனேன். அவள் பார்த்தது ஐஸ் வண்டியை. எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

தினமும் நடக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். கடைக்குப் போவது, ரேஷனுக்குப் போவது, ஆடு பிடித்து வருவது. குழந்தை தன் காலால் நடக்க வேண்டும். வீட்டு வாசலில் தொடங்கி அதே வாசலில் முடிய வேண்டும். அப்புறம் வழியில் ஓர் இடத்திலாவது பெரியவர்களின் அதிகாரமும் செல்லாமல் போக வேண்டும். இந்த மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. அப்பா நினைத்தாலும் திறக்க முடியாத ஒன்றைப் பார்க்கும்போதுதான் குழந்தைக்கு உலகம் பெரிதாகிறது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குப் பக்கம். வீடு ரயில் பாதைக்குத் தெற்கே, கரை வடக்கே. எங்கள் பக்கம் வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். மே மாதத்தில் பெண்கடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு கிடையாது, வல்லம் என்கிற நாட்டுப்படகுதான். வீட்டிலிருந்து கரை அரை கிலோமீட்டர் இருக்கும். எனக்கு ஏழு நிமிடம். பாப்பாவோடு போனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல்.

2. போகும்போது குறிப்பு எடுப்பது

நாலே விஷயம். எங்கே நின்றது, என்ன கேட்டது, கையில் எதை எடுத்தது, எங்கே பேச்சை நிறுத்தியது. போட்டோ எடுக்க வேண்டாம். போனைத் தூக்கினால் குழந்தை போனைப் பார்க்கும், வழியைப் பார்க்காது.

அன்றைக்கு நான் கிறுக்கியது இது:

6.40 – படி. செருப்பு கால் மாறிப் போட்டிருக்கிறாள். மாற்ற விடவில்லை.
6.50 – பக்கத்து வீட்டுப் பையன் நுங்கு வண்டி கொடுத்தான்.
7.05 – கேட் போட்டாச்சு. "யாரு மூடுனா?"
7.20 – கருவேல முள். செருப்போடு போச்சு.
7.35 – கரை. திருக்கை. பேச்சு இல்லை.
7.40 – இன்னும் இல்லை.
8.25 – வீடு. வலது கை மூடியே இருக்கிறது.

இவ்வளவுதான். இதில் கதை எங்கே என்று இப்போதே தேடாதீர்கள். வரும்போதே "இது சோதனைக் கட்டம்" என்று மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டு வந்தால், பெயருக்குப் பொருந்துவது மட்டும்தான் கண்ணில் படும்.

3. மூன்றடி உயரத்திலிருந்து பார்ப்பது

வீட்டுக்கு வந்ததும், முடிந்தால் அடுத்த நாள், அதே வழியில் தனியாகப் போய், குழந்தை நின்ற இடங்களில் முட்டி போட்டுப் பாருங்கள். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். பரவாயில்லை, சாவி தேடுவதாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் சொன்னேன்.

ரயில்வே கேட்டுக் கம்பி எனக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. பாப்பாவுக்கு உச்சந்தலையை உரசுகிற உயரம். தலையை லேசாகத் தாழ்த்தினால் அந்தப் பக்கம் போய்விடலாம். அங்கே முட்டி போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது: அந்தக் கேட் அவளைத் தடுக்கவே இல்லை. போக முடியும், ஆனால் போகக்கூடாது. பழங்கதைகளில் "வடக்குத் திசையில் மட்டும் போகாதே" என்பார்களே, அந்தச் சங்கதி.

4. பொருத்திப் பார்ப்பது

இப்போது கேம்பெலின் கட்டங்களை எடுத்துக் குறிப்போடு ஒட்டிப் பாருங்கள். 17-உம் வேண்டாம். அழைப்பு, தயக்கம், துணை, வாசல், இக்கட்டு, வரம், திரும்புதல் – ஏழு போதும். அதிலும் நாலு கிடைத்தால் நல்ல நடை.

அழைப்பு சுலபம். அப்பத்தா ஓலைக் கொட்டானை எடுத்தாலே அழைப்புதான். தயக்கம் பெரும்பாலும் குழந்தையிடம் இருக்காது, நம்மிடம்தான் இருக்கும். "வெயில் ஏறிரும், இவ எதுக்கு?" என்றது நான். கதையில் அந்த வேஷம் எனக்கு, எழுதும்போது ஒத்துக்கொண்டேன்.

துணை என்பது பழங்கதையில் முனிவரோ கிழவியோ கொடுக்கும் மந்திரப் பொருள். பாப்பாவுக்குக் கிடைத்தது நுங்கு வண்டி. தெரியாதவர்களுக்காக: சாப்பிட்டுப் போட்ட நுங்குக் கூந்தல் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவை விட்ட நீளக் குச்சியை அச்சில் கொடுத்துத் தள்ள வேண்டும். மணலில் சரியாக ஓடாது, ரோட்டில் பறக்கும். பையன் தள்ளிக்கொண்டிருந்ததை அப்படியே கொடுத்துவிட்டு, வேறு ஒன்று செய்யப் போய்விட்டான். முனிவர்களும் அப்படித்தான், கொடுத்துவிட்டு மறைந்துவிடுவார்கள்.

வாசல்தான் எனக்குப் பிடித்த கட்டம். கேட் போட்டிருந்தது. ரயில் வரவில்லை. அப்பத்தா கொட்டானைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருப்புல்லாணிக் கோயிலில் ராமர் தருப்பைப் புல்லில் படுத்தபடி இருக்கிறார். கடலைத் தாண்ட வழி கேட்டு அப்படிக் கிடந்தார் என்பது கதை. வால்மீகியில் மூன்று இரவு. கடலரசன் வரவில்லை. பொறுமை போய் வில்லை எடுத்த பிறகுதான் வந்தான். நாங்கள் காத்திருந்தது மூன்று நிமிடமோ நாலு நிமிடமோ. பாப்பாவுக்கும் பொறுமை போயிற்று. கவைக் குச்சியை இரண்டு கையாலும் தூக்கி, கேட்டுக்கு நேராக நீட்டி, "தொற!" என்றாள்.

கேட் கீப்பர் எட்டிப் பார்த்தார். "ரயிலு போகட்டும் தாயி, நானே தொறக்குறேன்."

காத்திருப்பு அந்த 12-இலும் 17-இலும் தனிக் கட்டமாக இல்லை. எங்கள் கடற்கரைக் கதையில் இருக்கிறது, குழந்தையின் நடையிலும் இருக்கிறது. அதனால் என் பட்டியலில் அதை எட்டாவதாகச் சேர்த்துக்கொண்டேன். உங்கள் ஊர்க் கதையில் வேறு ஏதாவது கிடைத்தால் நீங்களும் தாராளமாகச் சேர்க்கலாம்.

முள் குத்தியது, ஆடு மறித்தது எல்லாம் சில்லறைச் சோதனைகள். ஒரு வரியில் தாண்டிவிடலாம்.

இக்கட்டு எது? ரயில்தான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். அத்தனை சத்தம், தரை அதிர்ந்தது, பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் குறிப்பைப் பார்த்தால், ரயில் போகும்போது அவள் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தாள், அதுவும் கத்திக் கத்தி. பேச்சு நின்றது கரையில். குழந்தை வாயடைத்துப் போகும் இடத்தில்தான் இக்கட்டு இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் பாதி வேலை முடிந்தது.

கரையில் சூடையைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு திருக்கை மல்லாக்கக் கிடந்தது, சுளகு அகலம். திருக்கைக்குக் கண் முதுகுப் பக்கம். வாயும் மூக்குத் துளைகளும் அடிப்பக்கம். மல்லாக்கப் போட்டால் அந்த இரண்டு துளையும் கண் மாதிரி இருக்கும், கீழே வாய் சிரிக்கிற மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் ஐந்தைந்து செவுள் கீறல். வெள்ளை வெளேர் என்று ஒரு முகம். பாப்பா நுங்கு வண்டியைக் கீழே போட்டாள். ஐந்து நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. வல்லத்துக்காரர் வால் பக்கத்தைக் காட்டி, "முள்ள வெட்டியாச்சு, ஒண்ணும் செய்யாது" என்றார். அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பத்தாவைப் பார்க்கவில்லை. குனிந்து, ஆள்காட்டி விரலால், அதன் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள்.

வரம் என்றால், வீட்டில் இல்லாத ஒன்றைக் கொண்டு வருவது. தங்கச்சிமடத்துப் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில், சீதைக்குத் தாகம் என்று ராமர் கடலுக்குள் வில்லை ஊன்றினாராம். உப்புத் தண்ணீருக்கு நடுவே இன்றைக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு. குழந்தையின் வரத்தை மீன் கொட்டானில் தேடாதீர்கள், கையைப் பாருங்கள். பாப்பாவின் மூடிய கைக்குள் ஒன்றும் இல்லை. திருக்கையைத் தொட்ட விரலை மற்ற விரல்களால் பொத்தி வைத்திருந்தாள். வழியெல்லாம் நுங்கு வண்டியை இடது கையாலேயே இழுத்து வந்தாள்.

5. எழுதுவது

என் முதல் முயற்சி இப்படி ஆரம்பித்தது: "ஒரு ஊரில் ஒரு குட்டி வீராங்கனை இருந்தாள். அவள் அஞ்சாமல் இரும்பு அசுரனை எதிர்கொண்டாள்." படித்துக் காட்டினேன். பாப்பா, "அது யாரு?" என்றாள். அதோடு கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது: "பாப்பா செருப்பைக் கால் மாற்றிப் போட்டாள். அப்பத்தா கொட்டானை எடுத்தாள். கேட் மூடியிருந்தது. பாப்பா குச்சியைத் தூக்கி, தொற என்றாள்." இதற்கு எழுந்து உட்கார்ந்தாள்.

வீரம், சோதனை, பயணம் என்ற சொற்கள் எதுவும் எழுத்தில் வரக்கூடாது. கட்டங்களின் பெயர் உங்கள் காகிதத்தோடு நிற்கட்டும். பத்துப் பன்னிரண்டு வாக்கியம் போதும், வாக்கியத்துக்கு ஒரு செயல். குழந்தை பேசியதை அப்படியே போடுங்கள், திருத்தாதீர்கள். வாய் அடைத்த இடத்தில் நீங்களும் விளக்கம் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். "பாப்பா பயந்தாள்" என்று நான் எழுதவில்லை. பயந்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? "பாப்பா பார்த்தாள். அதுவும் பார்த்தது" என்று எழுதினேன்.

கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி வந்த நடையில் அழைப்பும் வரமும் மட்டும்தான் இருக்கும். இல்லாததை இட்டுக் கட்ட வேண்டாம், இரண்டு வாக்கியத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

6. ம் கொட்டுவது

கடைசி வேலை குழந்தையுடையது. கூட வராத ஒருவரிடம் குழந்தை தன் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதைக் காட்டுவதற்கு முன்னாலேயே இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வாக்கியத்தை ஒப்பிக்கும். கேட்கிறவர் "என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்கக்கூடாது. ம் கொட்ட வேண்டும், நடுவில் நின்றால் "அப்புறம்?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தை எதை விட்டுவிடுகிறது என்று கவனியுங்கள். அதை உங்கள் கதையிலிருந்தும் எடுத்துவிடலாம்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் என் அப்பா, பாப்பாவுக்கு ஐயா. நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். இப்போது முட்டி வலி, திண்ணையை விட்டு இறங்குவதில்லை. வலது கணுக்காலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தழும்பு இருக்கிறது, திருக்கை முள் ஏறியது. அந்தக் காலில் இன்னும் அந்த இடம் மரத்துத்தான் இருக்கும்.

பாப்பா நேராகத் திண்ணையில் ஏறினாள். கேட்டைச் சொன்னாள். ரயிலைச் சொல்லவே இல்லை. முள்ளையும் சொல்லவில்லை.

"ஐயா, திருக்கைக்கு மொகம் அடியில இருக்கு, தெரியுமா?"

"ம்… அப்படியா?"

"சிரிக்குது."

"ம். அப்புறம்?"

"தொட்டேன்." கையைத் திறந்து, அந்த ஒரு விரலை மட்டும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு."

அவர் குனிந்து மோந்து பார்த்தார். கைலியைக் கணுக்கால் மறையத் தழைத்து விட்டுக்கொண்டார்.

"ம். அப்புறம்?"