'ஹாதா கிதாப்' சொல்ல 'திஸ் இஸ்' எதற்கு?

கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் என்று நம் டெல்டா ஊர்களில் சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளைகள் நிறைய. அதே பிள்ளையிடம் அரபியில் தண்ணீர் கேட்கச் சொன்னால் விழிக்கும். ஓதத் தெரிந்தால் பேச்சும் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பது வீண்.

அதைவிடப் பெரிய தவறு, ஆங்கிலம் வழியாக அரபி சொல்லித்தருவது. 'திஸ் இஸ் எ புக்' என்று ஆரம்பித்தால், 'இஸ்'ஸுக்கு அரபி என்ன என்று பிள்ளை கேட்கும். அங்கே அப்படி ஒரு சொல்லே வராது. 'ஹாதா கிதாப்', இது புத்தகம். தமிழிலும் அவ்வளவுதானே? 'ஐ ஹேவ்' கதையும் இதேதான். 'இந்தீ கலம்' என்றால் 'என்கிட்ட பேனா'. முடிந்தது. வீட்டுத் தமிழே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது.

மீதிப் பாதியில் கொஞ்சம் இடறும். நமக்குப் 'பெரிய வீடு'. அவர்களுக்கு 'பைத் கபீர்', வீடு முன்னால், பெரிது பின்னால். நமக்குப் பொருள் எல்லாமே 'இது'. அரபியில் கார் பெண்பால், அதனால் 'ஹாதிஹி சய்யாரா'. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதற்கு இலக்கணப் பாடம் எடுக்காதீர்கள். சொல்லைத் தனியாகச் சொல்லித்தராமல், அதற்குரிய 'ஹாதா'வோ 'ஹாதிஹி'யோ சேர்த்தே பழக்குங்கள். பெயர் கேட்பதிலும் இதே சிக்கல். ஓதிக்கொடுக்கும் ஹஸரத் தன்னிடம் 'மாஸ்முக?' என்று கேட்டதால் பையன் அம்மாவிடமும் அப்படியே கேட்பான். பெண்ணிடம் கேட்கும் 'மாஸ்முகி?'யை ஒருமுறை சொல்லிக்காட்டிவிட்டு, அம்மா பதில் சொன்னால் போதும்.

நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதும் வேண்டாம். (நான் இங்கே செய்வது அதைத்தான், இது பெரியவர்களுக்கு.) 'கல்ப்' என்று எழுதினால் இதயமா, நாயா? இதயத்தின் 'க' அடித்தொண்டையில் பிறப்பது, நாயினுடையது நம் 'க'. முன்னோர் அரபி எழுத்தில் தமிழை எழுதியபோது, அதில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்துப் புது எழுத்தே உண்டாக்கிக்கொண்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. காதால்தான் பழக வேண்டும்.

துபாயிலிருந்து அத்தா வீடியோ காலில் தண்ணீரை 'மாய்' என்பார், பாடப்புத்தகத்தில் 'மாஅ' என்றிருக்கும். அத்தாவைத் திருத்தப் போகாதீர்கள். தண்ணி, தண்ணீர் இரண்டும் புரிகிற பிள்ளைதானே.

அப்புறம், 'உரீது மாஅ' என்று பிள்ளை கேட்டதும் தம்ளரை நீட்டுங்கள். இலக்கணப்படி அது 'மாஅ'வா 'மாஅன்'ஆ என்ற விசாரணையெல்லாம் குடித்து முடித்த பிறகு.