அண்ணன் தம்பி பகையை நாவலாக்கும்போது சறுக்கும் இடங்கள்

விவசாயக் குடும்பத்து உடன்பிறப்புச் சண்டையை எழுத வருபவர்கள் பலர், முதல் அத்தியாயத்திலேயே ஒருவனை நல்லவனாக்கி இன்னொருவன் கையில் அரிவாளைக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குமேல் வாசகர் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

பெரிய சொத்தில் பகையைத் தேடுவது அடுத்த தவறு. ஆறு ஏக்கர் தோட்டத்தை மூன்று மூன்றாக அளந்து கல் நட்டுவிடலாம். கிணற்றை என்ன செய்வது? கொங்குப் பக்கம் நிலம் பாகமான பிறகும் கிணறு, மோட்டார், வண்டித்தடம் எல்லாம் பெரும்பாலும் பொதுவில்தான் கிடக்கும். இன்று அண்ணன் முறை, நாளை தம்பி முறை. அண்ணன் முறையன்று மோட்டார் ஓட வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி வந்து பாதியில் போனால் அந்தத் தண்ணீர் யார் கணக்கு? மோட்டார் எரிந்து அதன் கம்பிச்சுருளை மறுபடி கட்டின செலவில் பாதி தராதவன் மறுநாள் தண்ணீர் கட்டலாமா? கரண்ட் இணைப்பு இன்னும் செத்துப்போன அப்பா பேரில் இருக்கும். மாற்றுவதற்குத் தம்பி கையெழுத்துப் போடமாட்டான். ஒருநாள் அண்ணன் தன் பங்கில் போர்வெல் போடுகிறான், பொதுக்கிணறு வற்றுகிறது. போட்டது அவன் நிலத்தில்தானே! இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இந்த இடத்தை விட்டுவிட்டுக் கூலிப்படையைக் கூட்டிவருவது வெறும் சோம்பேறித்தனம்.

காலத்தையும் சரிபாருங்கள். 1990-இல் தமிழ்நாட்டில் பம்புசெட் கரண்ட் விவசாயிகளுக்கு இலவசமாகிவிட்டது. 2000-இல் நடக்கும் கதையில் அந்த பில்லுக்காக அடித்துக்கொண்டால் ஊர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார்.

பகையாளிகளை நேருக்கு நேர் நிறுத்தி இரண்டு பக்கம் வசனம் பேசவைக்காதீர்கள். பேச்சுவார்த்தை நின்ற வீட்டில் ஜாடைதான் ஓடும். மாட்டைத் திட்டுகிற சாக்கில் தம்பி பெண்டாட்டிக்குப் போய்ச் சேரும். "உங்கப்பங்கிட்டச் சொல்லு" என்று குழந்தை வழியாகத் தூது போகும்.

எனக்கு அதிகம் உறுத்துவது, அக்கா தங்கைகள் சீர் வாங்கிக்கொண்டு கதையை விட்டே போய்விடுவது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989-இல் அமலானது; அதற்குமுன் கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது. அதாவது, 1987-இல் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு இல்லாத உரிமை 1991-இல் கட்டிக்கொடுத்த தங்கைக்கு உண்டு. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம், அதுவரை பாகமாகாத சொத்தில் இந்த வித்தியாசத்தை நீக்கியது. அந்த இடைப்பட்ட வருஷங்களிலேயே ஒரு நாவல் இருக்கிறது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க, வருஷக்கணக்காகப் பேசிக்கொள்ளாத அண்ணனும் தம்பியும் ஒரே காரில் ஏறிப் போவார்களே, அந்த அத்தியாயத்தை ஏன் யாரும் எழுதுவதில்லை?