டென்ட்டுக்குள் விரிக்க எந்த மேட் வாங்கலாம்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல்முறை கேம்பிங் போகிறவர்கள் டென்ட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். கீழே விரிக்க மட்டும் வீட்டில் கிடக்கும் யோகா மேட்டைச் சுருட்டிக் கட்டிக்கொள்வார்கள். நடுராத்திரி குளிரில் முழிப்பு வந்ததும் பழி ஸ்லீப்பிங் பேக் மேல் விழும்.

ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கும் பஞ்சு உப்பி நின்று காற்றைப் பிடித்து வைத்தால்தான் சூடு தங்கும். நாம் படுத்ததும் முதுகுப் பக்கத்துப் பஞ்சு அமுங்கித் தட்டையாகிவிடும். அந்த வழியாக உடம்புச் சூட்டைத் தரை விடியவிடிய உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கே நமக்கு இருக்கும் காவல் மேட் ஒன்றுதான். ஆகவே குளிரைத் தடுக்குமா என்று முதலில் கேளுங்கள், மெத்தென்று இருக்குமா என்பதை அப்புறம் கேட்கலாம்.

படி 1: எங்கே, எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள்

ஏப்ரலில் ஏலகிரியில் படுப்பதும் ஜனவரியில் கொழுக்குமலையில் படுப்பதும் ஒன்றல்ல. டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்குப் போனால் பனிமேலேயே டென்ட் போட வேண்டியிருக்கும். உச்சி சுமார் 12,500 அடி, ராத்திரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே நன்றாகவே இறங்கும். கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே படுக்கிறீர்களா, முதுகில் சுமந்து நடக்கிறீர்களா என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். மற்றதெல்லாம் இதை வைத்துத்தான்.

படி 2: ஆர்-வேல்யூவைப் பாருங்கள்

மேட் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் ஆர்-வேல்யூ. எண் கூடக்கூடத் தடுப்பு கூடும். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து போட்டுக்கொண்டிருந்தது. 2018-ல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரம் வந்தது. 35 டிகிரி சூட்டில் ஒரு தகடு மேலே, 5 டிகிரியில் ஒரு தகடு கீழே, நடுவில் மேட். மேலிருந்து எவ்வளவு சூடு கசிகிறது என்று அளக்கிறார்கள். அந்தத் தரத்தில் அளந்ததாகப் போட்டிருந்தால், இரண்டு கம்பெனி மேட்களைத் தைரியமாக ஒப்பிடலாம்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்காது என்றால் 2-க்குள் இருந்தால் போதும். பூஜ்யம் வரை இறங்கினால் 2 முதல் 4. உறைபனியில் 4 முதல் 5.5. பனிமேலேயே படுப்பதென்றால் 5.5-க்கு மேல். சட்டென்று குளிரெடுக்கும் உடம்பு என்றால் ஒரு படி கூட்டியே வாங்குங்கள்.

தடிமனைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு அங்குல மேட்டைவிட எட்டு அங்குல ஏர் பெட் குளிர் தாங்கும் என்று தோன்றும். உள்ளே வெறும் காற்று மட்டும் என்றால், அந்தக் காற்று சுழன்று சுழன்று மேலிருக்கும் சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிடும். ஆர்-வேல்யூவே போடாத ஏர் பெட்டை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கடற்கரைக்கும் மொட்டை மாடிக்கும் அது போதும். ரப்பர் உடம்போடு ஒட்டாமலிருக்க மேலே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மூன்று வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வகை ஃபோம் மேட். சுருட்டலாம், சில மாடல்களை விசிறிபோல மடிக்கலாம். முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது, ஊத வேண்டாம், மதியம் வழியில் உட்காரவும் போடலாம். தெர்மரெஸ்ட் கம்பெனியின் இசட் லைட் சோல் மாடல் 410 கிராம், ஆர்-வேல்யூ 2. பையின் வெளியே கட்டிக்கொண்டு போக வேண்டும், பக்கவாட்டில் படுத்தால் இடுப்பெலும்பு உறுத்தும். குறை அவ்வளவுதான். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வகைதான். யோகா மேட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மெல்லியது, கனமானது, குளிர் தாங்காது.

இரண்டாவது, வால்வைத் திறந்துவிட்டால் தானே காற்றை இழுத்து உப்பிக்கொள்ளும் மேட். 1970-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் போயிங் பொறியாளர்களாக இருந்தவர்கள் உருவாக்கியது. உறைக்குள் ஸ்பாஞ்ச் இருக்கும். சொகுசாக இருக்கும், ஆனால் கனமும் அதிகம். கார் கேம்பிங்குக்கு இதைவிட நல்லது இல்லை என்பேன்.

மூன்றாவது, ஊதிப் படுக்கும் டிரெக்கிங் ஏர் மேட். மடித்தால் தண்ணீர் பாட்டில் அளவு. தெர்மரெஸ்ட் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி சுமார் 370 கிராம்தான், மூன்று அங்குல உயரம், ஆர்-வேல்யூ 4.5. உள்ளே இருக்கும் மெல்லிய பளபளப்புத் தாள்கள் சூட்டைத் திருப்பி அனுப்புகின்றன. விலையைக் கேட்டால் தலை சுற்றும், சுமார் 200 டாலர். அப்புறம், முள் குத்தினால் படுக்கையே போச்சு.

குளிர்காலத்துக்கென்று தனியாகச் செலவழிக்க மனமில்லையா? கீழே ஃபோம், மேலே ஏர் மேட் போடுங்கள். ஆர்-வேல்யூ அப்படியே கூடும், 2-ம் 3-ம் சேர்ந்தால் 5. ஏர் மேட்டுக்கு முள்ளிலிருந்தும் பாதுகாப்பு. பனி டிரெக்குக்குக் குழுவோடு போகிறவர்கள், நடத்துகிறவர்கள் மேட் தருகிறார்களா, அதன் ஆர்-வேல்யூ என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 4: அகலத்தை அளந்து பாருங்கள்

வழக்கமான மேட் 183 செ.மீ. நீளம், 51 செ.மீ. அகலம். புரண்டு படுக்கிறவர்களுக்கு 63 செ.மீ. அகலத்தில் கிடைக்கும். டென்ட்டின் உள் அகலத்தை அளக்காமல் அதை வாங்காதீர்கள். இருவர் டென்ட் பலவற்றில் கால்மாட்டுப் பக்கம் குறுகலாக இருக்கும், இரண்டு அகல மேட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

படி 5: கடையிலேயே படுத்துப் பாருங்கள்

கூச்சப்படாமல் கேளுங்கள். ஊதி விரித்து, வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே ஐந்து நிமிடம் படுங்கள். பக்கவாட்டில் படுக்கும்போது இடுப்பு தரையைத் தொடக் கூடாது. புரளும்போது சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குவது போன்ற சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். பக்கத்தில் படுப்பவருக்கு அது பெரிய தொல்லை.

படி 6: காற்று பிடிப்பதைப் பழகுங்கள்

வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சை பிடிக்கலாம். மலையேறிக் களைத்த பிறகு ஊதினால் தலை கிறுகிறுக்கவும் செய்யும். பல மேட்களோடு ஊது பை வரும். அதன் வாயை அகலத் திறந்து காற்றை அள்ளி, வாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை வால்வில் பொருத்தி அமுக்குங்கள். சில தடவையிலேயே நிரம்பிவிடும்.

நிரம்பியதும் கல்லு மாதிரி விறைப்பாக விட்டுவிடாதீர்கள். மேலே பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, வால்வை லேசாகத் திறந்து, இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை உணருங்கள். உள்ளங்கையை இடுப்புக்குக் கீழே தரையில் நுழைத்துப் பார்த்து, இரண்டு விரல் இடைவெளி மிஞ்சும்போது மூடுங்கள். சரி, இதுதான் உங்கள் அளவு.

விடிகாலையில் மேட் தொய்ந்திருந்தால் உடனே ஓட்டை என்று பதற வேண்டாம். சாயங்காலம் 20 டிகிரியில் அடைத்த காற்று ராத்திரி பூஜ்யத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட 7 சதவீதம் சுருங்கும். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை நிரப்பினால் போதும்.

அப்படியும் தட்டையாகிவிட்டால் ஓட்டைதான். முதலில் வால்வின் மேல் சோப்பு நுரையைத் தடவுங்கள், பிறகு தையல் ஓரங்களில், கடைசியாகப் பரப்பில். எங்கே குமிழி வருகிறதோ அங்கே பேனாவால் வட்டம் போடுங்கள். காற்றை முழுக்க இறக்கி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டினால் நிற்காது.

பகலில் ஊதிய மேட்டை வெயிலில் விடாதீர்கள். காற்று விரிந்து உள்ளே ஒட்டியிருக்கும் தடுப்புகள் பிரிந்து, நடுவில் பலூன் போலப் புடைத்துவிடும். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. ஊருக்குத் திரும்பியதும் ஈரம் போக நிழலில் காயவையுங்கள். ஸ்பாஞ்ச் உள்ள மேட்டைச் சுருட்டி இறுக்கி வைக்காமல், வால்வைத் திறந்தபடி கட்டிலுக்கு அடியில் விரித்து வையுங்கள்.