பட்டியும் ஊசிச் சந்தும்: மாட்டை இழுக்காமல் தடுப்பூசி போட

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. நாலு பேர் கயிற்றை இழுத்து, மாட்டைத் தூணோடு நெருக்கிப் பிடிக்கும்போதுதான் கால் மிதிபடுகிறது, மூக்கணாங்கயிறு மூக்கைக் கிழிக்கிறது. பதினைந்து, இருபது மாடு வைத்திருப்பவர்கள் பட்டியிலிருந்து ஒற்றைச் சந்து ஒன்று, அதாவது மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் போகும் குறுகிய வழி, கட்டிவிட்டால் இரண்டு பேரே போதும்.

சந்தின் அகலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு உள்ளளவு 28 அங்குலம். தாராளமாக இருக்கட்டும் என்று மூன்றடி விட்டால் மாடு பாதியில் திரும்பப் பார்த்துச் சிக்கிக்கொள்ளும். கிடேரிகளுக்கு ஒரு பக்கம் பலகை செருகிக் குறுக்குங்கள். கொம்பு விரிந்த மாடு இருந்தால் முதலில் நுனிக்கு நுனி அளந்துவிட்டு, கீழே குறுகி மேலே விரியும்படி பக்கங்களைச் சாய்த்துக் கட்டுங்கள். நீளம் 20 அடி, உயரம் 5 அடி. கம்பங்கள் ஆறடிக்கு ஒன்றாக, இரண்டரை அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நிற்க வேண்டும். தரையை மழமழவென்று பூசவே கூடாது. ஈரம் காயுமுன் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிவிடுங்கள். வழுக்கிய மாடு மறுமுறை அதே இடத்தில் கால் வைக்கத் தயங்கும்.

பட்டி சந்தோடு சேரும் வாயில் ஒரு பக்கம் நேராகவும், மறுபக்கம் மட்டும் சுமார் 30 பாகை சாய்வாகவும் இருக்கட்டும். இரு பக்கமும் புனல்போலச் சாய்ந்தால் இரண்டு மாடு ஒரே நேரத்தில் நுழைந்து இறுகிவிடும். அந்த இடத்தைப் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். திரும்ப இடமில்லாத மாடு வாயிலைப் பார்க்கவே முடியாது.

ஓட்டுவதற்குக் குச்சி தேவையில்லை. மாட்டின் தோள்தான் கணக்கு. தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்றால் முன்னேறும், முன்னால் நின்றால் பின்வாங்கும். சந்துக்கு வெளியே தலையிலிருந்து வால் பக்கமாக நீங்கள் நடந்தாலே அது முன்னால் போகும். நேர் பின்னால் நிற்காதீர்கள். அது அதற்குத் தெரியாத இடம், உதை விழும். வாலை முறுக்குவது எலும்பை உடைக்கும்.

அப்படியும் மாடு நின்றுவிட்டால் அதன் கண் உயரத்துக்குக் குனிந்து எதிரே பாருங்கள். தொங்கும் சங்கிலி, தேங்கிய தண்ணீர், தரையில் விழுந்த நிழல்கோடு, கட்டியிருக்கும் நாய் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் நடந்துவிடும்.

சந்தின் முன்முனையில் தலையை நிறுத்தும் கழுத்துப் பூட்டின் இரு கம்பியும் செங்குத்தாக இருக்க வேண்டும். கீழே குறுகும் பூட்டில் மாடு சரிந்தால் தொண்டை நெரிந்து செத்துப்போகும். சரிந்தால் ஊசியை மறந்து முதலில் பூட்டைத் திறங்கள். கழுத்து பூட்டிய பிறகு, பின்தொடைக்குப் பின்னால், முழங்காலுக்கு மேலே குறுக்குக் குழாயைச் செருகுங்கள். குழாய் முனைக்கு நேரே முகமோ மார்போ இருக்கக் கூடாது. மாடு பின்னால் தள்ளினால் குழாய் உங்கள் மேல் பாயும். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ஊசி போடுவதும் அப்படித்தான், மாடு ஓரடி நகர்ந்தால் முழங்கை முறியும். பக்கவாட்டில் இரண்டடி அகலத்தில் சிறு கதவு வைத்து, தலை பூட்டிய பிறகு மட்டும் அதைத் திறந்து கழுத்தில் போடுங்கள்.

தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பே, காலை வெயில் ஏறுமுன், சாதுவான பெரிய பசுவை முன்னால் விட்டு எல்லா மாட்டையும் ஊசியில்லாமல் இரண்டு மூன்று தடவை சந்து வழியே நடத்தி, வெளியே வந்ததும் தவிடு வையுங்கள்.