டாங்க் என்றால் குளமா, தாங்கியா, டாங்கியா?

“த டாங்க் இஸ் ஃபுல்.” போன கிழமை மொழிபெயர்ப்பு வகுப்பில் இந்த ஒரு ஆங்கில வரியைத்தான் தமிழாக்கச் சொல்லி எழுதிப்போட்டேன். கிளிநொச்சிப் பிள்ளைகளிடமிருந்து மூன்று விடை வந்தது: குளம் நிரம்பிவிட்டது, தண்ணீர்த் தாங்கி நிரம்பிவிட்டது, மோட்டார் சைக்கிளுக்கு இனிப் பெற்றோல் வேண்டாம். மூன்றும் சரி. ஆனால் ஒருத்தர் எங்கட பெரிய குளமான இரணைமடுவை “இரணைமடுத் தாங்கி” என்று எழுதினார் பாருங்கள், அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

படி 1: அகராதியை மூடிவிட்டுப் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்.
பண்ட், ஸ்லூஸ், ஸ்பில் என்று ஏதாவது கிட்ட நின்றால் அது குளம். பண்ட் என்பது குளக்கட்டு, ஸ்லூஸ் துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), ஸ்பில் வான் (நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம்). “த டாங்க் இஸ் ஸ்பில்லிங்” என்றால் குளம் வான் பாயுது. ‘சிந்துகிறது’ என்று எழுதினால் எங்கட கமக்காரர் சிரிப்பார்கள். ஊர்ப்பெயர் முன்னுக்கு வந்தாலும் அநேகமாகக் குளம்தான். “வவுனிக்குளம் டாங்க்” என்பதில் குளம் இரண்டு தரம் இருக்கிறது. தமிழில் ஒன்றை விட்டுவிடுங்கள். இங்கிலாந்துக்காரர் இதை ரிசர்வோயர் என்பார். டாங்க் குளமானது இந்தியா, இலங்கைப் பக்கத்து ஆங்கிலத்தில்தான்.

படி 2: அளவைப் பாருங்கள்.
லீட்டர், பம்ப், பைப் வந்தால் தாங்கி. போரில் விழுந்து ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கியும் இந்த வகைதான். மீன் வளர்ப்பது தொட்டி.

படி 3: அது சுடுமா?
சுட்டால் டாங்கி, அதாவது பீரங்கி பூட்டிய போர் வண்டி. இந்தப் பெயரே ஒரு மறைப்பு. முதலாம் உலகப் போரில் பிரிட்டன் இதை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று வெளியில் சொல்லிவைத்தது. 1916 செப்டெம்பர் 15இல் பிரான்சின் சொம் போர்முனையில் முதன்முதலாக இறக்கினார்கள், பொய்ப்பெயரே நிலைத்துவிட்டது. (ஆனையிறவில் வீதியோரம் போர் நினைவுச்சின்னமாக நிற்பதை டாங்கி என்று படம்பிடிப்பவர்களுக்கு: அது இரும்புக் கவசம் போட்ட புல்டோசர்.)

படி 4: வினைச்சொல்லாக நிற்கிறதா?
“த ஃபிலிம் டாங்க்ட்” என்றால் படம் படுத்துவிட்டது. தண்ணீருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. “திங்க் டாங்க்” வந்தால் பிரிக்காதீர்கள். அது கொள்கை ஆய்வு செய்யும் நிபுணர் குழு.

படி 5: இதை மொழிபெயர்த்துப் பாருங்கள்.
“த சோல்ஜர்ஸ் பேத்ட் இன் த டாங்க்.”

சோல்ஜர்ஸைக் கண்டவுடன் படி 3க்கு ஓடினீர்களா? பேத்ட் என்றால் குளித்தார்கள். டாங்கிக்குள் எப்படிக் குளிப்பது? படையினர் குளத்தில் குளித்தார்கள், அவ்வளவுதான்.