எண்ட்பிளேட் என்ன செய்கிறது? மேசை மின்விசிறியோடு ஒரு செய்முறை

பந்தயக் காரின் பின்னிறக்கையில் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் தகடுகள்தான் எண்ட்பிளேட். இறக்கையைத் தாங்கும் சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதன் முக்கிய வேலை இறக்கை முனையில் காற்று கசிவதைத் தடுப்பது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு கணக்கு எளிது.

படி 1: காற்று எங்கே கசிகிறது?

கார் இறக்கை, விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்தது போன்றது. மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. அதனால் டயர்கள் தரையோடு அழுத்தப்படுகின்றன. இந்த விசையே டவுன்ஃபோர்ஸ். ஆனால் இறக்கையின் முனையில் தடுப்பு இல்லையென்றால் மேலிருக்கும் காற்று சுற்றிக்கொண்டு கீழே பாயும். டவுன்ஃபோர்ஸ் குறையும், முனையிலிருந்து ஒரு சுழல் கிளம்பிக் காரைப் பின்னுக்கு இழுக்கும். ஈரப்பதமான நாளில் ஃபார்முலா 1 கார்களின் பின்னிறக்கை முனைகளில் வெண்ணிற இழைகள் தெரியுமே, அவை இந்தச் சுழல்கள்தான். சுழலின் நடுவே அழுத்தமும் வெப்பநிலையும் சட்டென்று குறைவதால் நீராவி அங்கே குளிர்ந்து திவலையாகிறது.

படி 2: நூலால் பாருங்கள்

20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் அட்டையை வெட்டி, வயிறு கீழ்நோக்கி இருக்கும்படி லேசாக வளையுங்கள். முன்விளிம்பு சற்றுத் தாழ்ந்தும் பின்விளிம்பு உயர்ந்தும் நிற்கட்டும். மேற்புறத்திலும் அடிப்புறத்திலும், முனைகளுக்கு அருகே மெல்லிய நூல்துண்டுகளை ஒட்டுங்கள்.

மின்விசிறியின் காற்று தானே சுழன்றுகொண்டுதான் வரும். அதை நேராக்காமல் சோதித்தால் நூலின் அசைவை நம்பவே முடியாது. ஸ்ட்ராக்களைக் கற்றையாகக் கட்டி விசிறிக்கு முன்னால் வையுங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

இப்போது மேற்புற நூல்கள் வெளிப்பக்கமாகவும் அடிப்புற நூல்கள் உட்பக்கமாகவும் சாயும். பிறகு இரு முனைகளிலும் அட்டைத் தகடுகளைச் செங்குத்தாக ஒட்டிவிட்டு மறுபடி பாருங்கள். சாய்வு குறைந்து நூல்கள் நேராகும்.

படி 3: கணக்கு

இறக்கையின் நீளத்தை (முனையிலிருந்து முனை வரை) அகலத்தால் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) வகுங்கள். இந்த விகிதம் கூடக் கூட முனையால் வரும் இழப்பு குறையும். எண்ட்பிளேட் இருந்தால் நீளத்தைக் கூட்டாமலே விகிதம் கூடியதுபோல் ஆகிறது. காற்றியக்கவியல் அறிஞர் ஹோர்னர் தந்த தோராய விதி இது:

புதிய விகிதம் = பழைய விகிதம் × (1 + 1.9 × தகட்டின் உயரம் ÷ இறக்கையின் நீளம்)

மாணவர் பந்தயக் கார் ஒன்றுக்கு 1 மீட்டர் நீளம், 0.5 மீட்டர் அகல இறக்கை என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2. தகட்டின் உயரம் 0.3 மீட்டர் என்றால் புதிய விகிதம் 3.14. முனைச்சுழலால் வரும் இழுவிசை இந்த விகிதத்துக்கு நேர்மாறாக மாறும். ஆகவே அதே டவுன்ஃபோர்ஸுக்கு அந்த இழுவிசை ஏறத்தாழ 64 சதவீதமாகக் குறைகிறது. வெறும் தட்டைத் தகட்டுக்கு இது எவ்வளவு பெரிய ஆதாயம்!

படி 4: அளவும் இடமும்

அப்படியானால் தகட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. தகட்டின் பரப்பிலும் காற்று உராயும், உயரத்தில் எடை கூடும், பக்கக்காற்று அதைத் தள்ளும். என் பரிந்துரை: கிடைக்கும் பரப்பில் பெரும்பகுதியை இறக்கைக்குக் கீழே கொடுங்கள். மேற்புற அழுத்தத்தைவிட அடிப்புற உறிஞ்சல்தான் வலுவானது. காக்க வேண்டியதும் அதுவே.

படி 5: முன்னிறக்கையும் 2022 விதிகளும்

முன்னிறக்கையில் இதே தகட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பின்னால் சுழலும் முன்டயரைச் சுற்றிக் காற்றை வெளியே திருப்புவது. 2009-இல் ஃபார்முலா 1 முன்னிறக்கை 1,800 மி.மீ. ஆக விரிந்ததும் தகடுகள் டயரின் வெளிவிளிம்புக்கு நேர்முன்னே வந்தன. அணிகள் அவற்றை விதவிதமாக வளைத்தன.

இந்தத் தகடுகளும் முனைச்சுழல்களும் கலக்கிவிடும் காற்று, பின்தொடரும் காருக்குப் பெரும் தொல்லை. அதனால் 2022 விதிகள் பின்னிறக்கையின் கூர்மூலையையே நீக்கி, இறக்கையைத் தகட்டோடு வளைவாக இணைத்தன. பழைய விதிப்படி அமைந்த கார், முன்னே செல்லும் காருக்கு 10 மீட்டர் பின்னால் வரும்போது 46 சதவீத டவுன்ஃபோர்ஸை இழந்தது. புதிய வடிவில் அது 18 சதவீதம் என்று ஃபார்முலா 1 அறிவித்தது. இது முழுக் காரின் மாற்றங்களால் வந்த பலன். வளைந்த முனை அவற்றில் ஒன்று.