புறக்கடைக் கோழி வளர்ப்பு: குஞ்சு முதல் சேவல் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிச் செல்பவர்கள் சில மாதங்கள் கழித்து வந்து சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வளர்ப்பைத் தொடங்கிய காலத்தில் எங்கள் வீட்டிலும் நடந்தவைதாம் அவை. தண்ணீர் வைக்க மறப்பது, இரவில் கூண்டைச் சாத்தாமல் விடுவது போன்றவை சொல்லாமலே தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பல்பை மாட்டிவிட்டு மறந்துவிடுவது

தாய்க்கோழியோடு பஞ்சாரத்தில் வளரும் குஞ்சுகளுக்குத் தாயின் சிறகுச் சூடே போதும். பொரிப்பகத்தில் வாங்கிய ஒரு நாள் குஞ்சுகளுக்கோ முதல் வாரத்தில் ஏறத்தாழ 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்து வர வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு ஓயாமல் கத்தினால் குளிர் தாங்கவில்லை என்று பொருள். அலகைத் திறந்து இளைத்தபடி தடுப்போரம் ஒதுங்கி நின்றால் வெக்கை மிகுந்துவிட்டது. பரவலாகக் கிடந்து தின்பதும் உறங்குவதுமாக இருந்தால் அளவு சரி. கோடையில் நம் ஊர்களில் பகல் வேளையில் பல்பே தேவைப்படாத நாள்கள் உண்டு.

வழவழப்பான தாளை விரிப்பது

குஞ்சுகளின் கால்கள் வழுக்கி விலகி முடமாகிவிடும். நெல் உமியைப் பரப்புங்கள்.

வெள்ளைக் கழிச்சல் வந்த பிறகு மருந்து தேடுவது

இராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சலைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வருமுன் தடுப்பது ஒன்றே வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தையும், இரண்டு மாத வயதில் போடும் ஊசியையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். தடுப்பு மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துத்தான் எடுத்துவர வேண்டும். வெயிலில் கொண்டுவந்தால் வீரியம் போய்விடும்.

சேவற்குஞ்சைச் சீண்டி விளையாடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஒரு தவறுதான், ஏனென்றால் இதற்கான விலையைக் கடைசியில் அந்தச் சேவலே கொடுக்கிறது. இரண்டு மாதக் குஞ்சு கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கைவிரலை எதிர்த்து நிற்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் அதன் மார்பில் விரலால் குத்திவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறார்கள். அது பாய்ந்து கொத்துகிறது. பெரியவர்கள் சிரித்தபடி கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். மனிதர்கள் தன்னோடு மோதும் வேறு சேவல்கள் என்பதையும், தான் பாய்ந்தால் அவர்கள் பின்வாங்குவார்கள் என்பதையும் அந்தக் குஞ்சு ஒவ்வொரு நாளும் கற்றுக்கொள்கிறது. ஐந்தாறு மாதத்தில் பருவம் வந்தபின் அதற்கு இது விளையாட்டாக இருப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி வளர்ந்த சேவல், வாசல் பெருக்கக் குனிந்த பாட்டியம்மாவின் முகத்தில் பாய்ந்தது. சேவலின் கால்முள் பட்ட காயம் கண்ணுக்கு அரை விரற்கடை கீழே இருந்தது. அன்று முதல் வீட்டார் அதைத் துடைப்பத்தால் அடிக்கத் தொடங்கினார்கள். அடி வாங்கிய சேவல் அடங்கவில்லை. சண்டை தொடர்கிறது என்றே எடுத்துக்கொண்டு, துடைப்பத்தோடு யார் வந்தாலும் முந்திக்கொண்டு பாய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது குழம்பாகிவிட்டது. அடுத்த மாதமே அவர்கள் இன்னொரு சேவற்குஞ்சு வாங்கிக்கொண்டு போனார்கள், பையனும் அதே விரலை நீட்டினான்.

இனத்தின் மேல் பழி போடுவதும் சரியன்று. சண்டைக்குப் பெயர்போன பெருவிடைச் சேவல்கள் தமக்குள் உயிர் போகும்வரை மோதினாலும், வளர்ப்பவரின் கைக்குள் பெரும்பாலும் சாதுவாகவே அடங்கியிருக்கும்.

ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து உங்களைச் சுற்றி வரும் சேவல் உங்களைச் சோதிக்கிறது. அப்போது ஓடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். நேராக நின்று, அது விலகும்வரை இடம் கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு வழக்கமான வேலையைப் பார்க்க வேண்டும். பாய்ந்தால் தடுப்பதற்கு ஒரு முறம் போதும். மாலையில் கூண்டில் அடங்கியபின் அதைத் தூக்கிச் சிறகுகளை உடலோடு அணைத்து, திமிறல் நிற்கும்வரை கக்கத்தில் வைத்திருந்து இறக்கிவிடுங்கள். சில வாரங்கள் விடாமல் செய்தால் பல சேவல்கள் தணிந்துவிடும். தணியாத சேவலைச் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

கால்முள்ளை அடியோடு வெட்டுவது

உள்ளே உயிருள்ள எலும்பு இருக்கிறது. நுனியை மட்டும் அரத்தால் மழுக்குங்கள்.

வாட்டசாட்டமான உடலை மட்டும் பார்த்துச் சேவலைத் தேர்ந்தெடுப்பது

எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும் என்பதால் மிஞ்சிய சேவல்களைக் கழித்தாக வேண்டும். அப்போது எல்லாரும் எடையையும் கொண்டையையும் பார்க்கிறார்களே தவிர, குணத்தைப் பார்ப்பதில்லை. தீனியைக் கண்டதும் தான் தின்னாமல் கொக்கரித்துப் பெட்டைகளை அழைக்கும் சேவலை, பருந்தின் நிழல் தெரிந்தவுடன் குரல் கொடுக்கும் சேவலை, நீங்கள் கூண்டுக்குள் நுழையும்போது ஒதுங்கி வழிவிடும் சேவலை வைத்துக்கொள்ளுங்கள். குணமும் ஓரளவு வழிவழியாக வரக்கூடியது. ஆகவே ஆளைப் பாயும் சேவலின் முட்டைகளை அடைக்கு வைக்கக் கூடாது. சேவலை அகற்றிய பிறகும் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பெட்டைகள் இடும் முட்டைகளில் அதன் கரு இருக்கக்கூடும் என்பதால், ஒரு மாதம் கழித்தே அடைக்கு முட்டை சேர்க்கத் தொடங்க வேண்டும்.